மூச்சை இழுத்த மின்விசிறி

மாடிப்படிக்குக் கீழே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பரிபூரணம் பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். மழை ஓய்ந்திருந்தது. 'புஸ்... புஸ்...' என்று மெல்லிய மூச்சு. நடுநடுவே, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோ கொப்பளிப்பதுபோல் 'களுக்' என்று ஒரு சத்தம்.

படிக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. பழைய சாமான்கள் கிடக்கும் இடம். குனிந்துதான் நுழைய வேண்டும். இப்போது அந்தக் கதவின் இடுக்கில் சிவந்த வெளிச்சம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. மூக்கைச் சுருக்க வைக்கும் புளித்த வாடையும் வந்தது.

பூரணம் எழுந்து போய், ஒரே விரலால் கதவைத் தள்ளினாள்.

"ஏட்டி, அங்கனயே நில்லு" என்றது இருட்டு.

உள்ளே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுடைய அண்ணன் சுப்புராஜ். ராஜபாளையத்தில் வயர்மேன் வேலை படிப்பவன்.

"நீயாண்ணே மூச்சு விட்டது?"

"நான் விட்டா இப்படியா கேக்கும்? அந்தா, அதுதான் விடுது."

அவன் காட்டிய இடத்தில் ஒரு பழைய கார் பேட்டரி இருந்தது. கறுப்புப் பெட்டி. அதன் முதுகில் ஆறு ஓட்டைகள். மூடிகளைக் கழற்றி வைத்திருந்தான். ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழி வந்துகொண்டிருந்தது. ஆனால் பக்கத்தில் அடுப்பு எதுவும் இல்லை.

"உள்ள கரண்டு போகுதுல்லா, அதான் குமிழி. அதுல வார காத்து சட்டுன்னு தீப்பிடிச்சிரும். அதான் ஜன்னலைத் திறந்து போட்டுட்டு, யாரும் தீக்குச்சி கொண்டுவராம நான் காவல் இருக்கேன். நீயும் கிட்ட வராத."

செத்துப்போன பேட்டரிக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தான் சுப்புராஜ். அதற்கு வேண்டிய சார்ஜரையும் ஒரு பலகைமேல் அவனே செய்திருந்தான்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். வீட்டுக்கு வருகிற மின்சாரம் பலமானது. அதோடு, ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வரும். பேட்டரிக்கு இரண்டுமே ஆகாது. அதற்கு மென்மையான மின்சாரம் வேண்டும். அது ஒரே பக்கமாகவும் போக வேண்டும். பலத்தைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஒரே பக்கமாகத் திருப்பிவிட நான்கு டயோடுகள். டயோடு என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி. போனவர் அதே வழியில் திரும்பி வர முடியாது. கடைசியாக, மின்சாரம் போகும் வழியில் ஒரு கார் ஹெட்லைட் பல்பு. பேட்டரி பசியோடு இருக்கும்போது மின்சாரத்தை நிறைய இழுக்கும். பல்பு பளிச்சென்று எரியும். வயிறு நிரம்ப நிரம்ப இழுப்பது குறையும். பல்பும் மங்கும்.

"நேத்துப் பளிச்சின்னு எரிஞ்சுது. இப்பப் பாரு, தூங்கி வழியுது. மத்தியானத்துக்குள்ள ஆயிரும்" என்றான் சுப்புராஜ்.

"அப்ப, இன்னைக்கு அப்பா பேசுவாங்களா?"

சுப்புராஜ் குனிந்து பல்பைப் பார்த்தான். பேட்டரிதான் 'களுக்' என்றது.

அவர்களுடைய அப்பா ராஜரத்தினம் வனக்காவலர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். செண்பகத்தோப்புக்கு அப்பால், காட்டாற்றங்கரையில் ஒரு சாவடி இருக்கிறது. அங்கிருந்து நாலு மணி நேரம் மலை ஏறினால் மேல் முகாம். புதன்கிழமை காலையில் அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் மேல் முகாமுக்குப் போயிருந்தார்கள்.

மேலே போகிறவர்கள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, கையில் வைத்திருக்கும் சின்ன வயர்லெஸ்ஸில் சாவடியைக் கூப்பிட வேண்டும். சாவடியில் மேசைமேல் பெரிய வயர்லெஸ் பெட்டி இருக்கும். அங்கே மின்கம்பி கிடையாது. ஒரு கார் பேட்டரிதான் எல்லாவற்றுக்கும். சாவடியில் இருக்கும் முத்துவீரன் அந்தக் குரலைக் கேட்டுக்கொள்வார். மறுநாள் காலையில் சாமான் வாங்க ஊருக்குள் வரும்போது, பூரணத்தின் அம்மா அழகுத்தாயிடம் வந்து, "அவிய சுகம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

காலாண்டு லீவில், சாவடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் முத்துவீரன் வீட்டில் தங்கியிருந்தபோது, பூரணமும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். பேசுவதற்கு முன்னால் அப்பா பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார். 'கிர்க், கிர்க்.' அது பூரணத்துக்கு மட்டும்.

இந்த வருடம் ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. வீட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கிற வேலை பூரணத்துடையது. தையல் மிஷின், அரிவாள்மணை, அண்ணனுடைய குறடு, அப்பாவின் சைக்கிள், சைக்கிள் பம்பு என்று ஒன்றையும் விடவில்லை. படிக்கட்டு அறையில் நாலு வருடமாகக் கிடந்த பெரியப்பாவின் கார் பேட்டரியைக்கூட அவள் மறக்கவில்லை. அதன்மேல் இரண்டு ஈய முளைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதைத் தொடப் பிடிக்காமல், சுத்தமாக இருந்த இன்னொரு முளையைச் சுற்றிக் குங்குமம் பூசினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முத்துவீரன் வந்தார். வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நேத்துச் சாயங்காலம் பெட்டியைத் திருகுனா உசிரே இல்ல, தங்கச்சி. பேட்டரி செத்துப்போச்சு. பூஜை லீவு வேற. புதுசு திங்கக்கிழமதான் வருமாம்."

"மேல மழையா அண்ணே?" என்று கேட்டாள் அம்மா.

"ஊத்துது. ஆத்துல இடுப்புக்கு மேல தண்ணி." முத்துவீரன் விரலை மடக்கி எண்ணினார். "மூணு சாயங்காலம் சத்தம் வரலைன்னா, ஆள் ஏறிப் பாக்கணும். அதுதான் எங்க வழக்கம். நேத்து ஒண்ணு. இன்னைக்கு ரெண்டு. நாளைக்கும் இல்லைன்னா, ஞாயித்துக்கிழம விடிஞ்சதும் நாங்க நாலு பேரு ஆத்தைத் தாண்டணும்."

அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை.

படிக்கட்டு அறைப் பேட்டரியைச் சுப்புராஜ் நினைத்துக்கொண்டது அப்போதுதான். ஊரில் எல்லாக் கடையும் அடைத்திருந்தது. ரேடியோ ரிப்பேர் செய்யும் நைனா முகமதுவின் கடை மட்டும் திறந்திருந்தது. "நாலு டயோடு எதுக்குலே? வீட்டைக் கொளுத்தவா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் சார்ஜரை மாட்டும்போது, கதவருகே நின்று டார்ச் அடித்தது பூரணம். அவளுக்கு அண்ணனின் முதுகுதான் தெரிந்தது.

"எது பிளஸ், எது மைனஸ்னு எப்படிண்ணே கண்டுபிடிப்ப?"

"ஒர்க்‌ஷாப்புல பிளஸ்ஸுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சிருப்பான். இந்தா, இதுல சிவப்பு இருக்கு."

"பெயிண்ட் இல்லைன்னா?"

"உசிரு உள்ள பேட்டரின்னா, ரெண்டு முளையில இருந்தும் கம்பி எடுத்து உப்புத் தண்ணியில விடணும். எந்தக் கம்பியில குமிழி நிறைய வருதோ, அது மைனஸ். கேள்வி கேட்டது போதும், டார்ச்சை ஆட்டாம பிடி."

அப்படித்தான் ராத்திரி முழுக்க அந்தப் பேட்டரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சுப்புராஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, கம்பிகளைக் கழற்றினான். பேட்டரியில் ஒரு சின்ன பல்பைத் தொட்டுப் பார்த்தான். கண் கூசும்படி எரிந்தது.

"பாத்தியா?" என்றான். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள அவனிடம் காலர் இல்லை; பனியன்தான் போட்டிருந்தான். அதனால் பனியனையே தூக்கிவிட்டுக்கொண்டான்.

இரண்டு மணிக்கு முத்துவீரன் சைக்கிளோடு வந்தார். சுப்புராஜ் அப்பாவின் சைக்கிள் கேரியரில் பேட்டரியை நிமிர்த்தி வைத்து, பழைய டியூபால் இறுக்கிக் கட்டினான். படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் அமிலம் கொட்டிவிடும்.

"நானும் வாரேன்" என்றாள் பூரணம்.

அம்மா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "முத்துவீரன் மாமா வீட்டுல தங்கிட்டுக் காலையில வாங்க. அப்பா குரலைக் காதால கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு."

தென்னந்தோப்புகள் முடிந்து, மாந்தோப்புகள் முடிந்து, பாதை மலையைப் பார்த்துத் திரும்பியது. மலை இருக்க வேண்டிய இடத்தில் மூடுபனிதான் இருந்தது. தூறல் விழுந்தது. எங்கேயோ ஓர் அணில் தகரத்தைத் தட்டுவதுபோல் விடாமல் கத்தியது. அது நின்றதும் எல்லாச் சத்தமும் நின்றது. தூரத்தில் ஆறு மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

முத்துவீரனின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்திருந்த பூரணம் கேட்டாள். "மாமா, சாவடியில ராத்திரி தனியா இருக்க பயமா இருக்காதா?"

"சிறுத்தைக்கெல்லாம் எனக்குப் பயம் இல்ல தாயி. அதுக்கு உருவம் இருக்கு. பாத்தா விலகிப் போயிரலாம்." முத்துவீரன் குரலைத் தாழ்த்தினார். "உருவம் இல்லாதது ஒண்ணு இருக்கு. மூச்சுக்காரரு."

"அது யாரு?"

"எந்தக் காலத்து ஆளோ. மலையில மூச்சு முட்டிச் செத்தவருங்காவ. அதனால அவரு மூச்சை வெளிய விடமாட்டாரு. உள்ள இழுக்க மட்டுந்தான் செய்வாரு. நம்ம பின்னாடி வந்து நின்னாருன்னா, நம்ம முன்னாடி இருக்கிற காத்து பின்னாடி போகுமாம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருந்தா இங்க உக்காந்து சைக்கிளா மிதிப்பேன்?"

பின்னால் வந்த சுப்புராஜ் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் வேகமாக மிதித்து, அவர்களுக்குப் பக்கத்திலேயே வந்தான்.

சாவடி ஒரே அறை. தகரக் கூரை. உள்ளே அதற்குள் இருட்டிவிட்டது போலிருந்தது. வாசலில் ஒரு பித்தளைக் கிண்ணம் நிறைய மஞ்சள் கரைத்த தண்ணீரும், அதில் ஒரு கொத்து வேப்பிலையும் இருந்தன. "ராவைக்கு வாசல்ல தெளிக்க" என்று முத்துவீரன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பேட்டரியை இறக்கியபோது பூரணம் ஒன்றைப் பார்த்தாள். கறுப்புப் பெட்டியின் ஒரு பக்கத்தில், மேலிருந்து கீழே, மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று வடிந்திருந்தது. ரத்தம் வழிந்து காய்ந்ததுபோல.

முத்துவீரனும் அதைப் பார்த்தார். கிண்ணத்திலிருந்து கொஞ்சம் மஞ்சள் தண்ணீரை எடுத்துத் தன் தலையில் தெளித்துக்கொண்டார்.

பேட்டரியின் இரண்டு முளைகளும் ஒரே பருமன் கிடையாது. பிளஸ் முளை தடிமன். மைனஸ் முளை ஒல்லி. அவற்றில் மாட்டுவதற்கு வயர்களின் முனையில் ஈய வளையங்கள் இருக்கும். அவையும் அப்படித்தான், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. அவசரத்தில் யாரும் மாற்றி மாட்டிவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. சுப்புராஜ் பெரிய வளையத்தைத் தடித்த முளையிலும், சின்ன வளையத்தை ஒல்லி முளையிலும் மாட்டினான். கச்சிதமாக உட்கார்ந்தன.

கூரையில் தொங்கிய சின்ன பல்பு எரிந்தது. மூவர் முகத்திலும் வெளிச்சம். மேசை ஓரத்தில் இருந்த குட்டி மின்விசிறியும் சுற்றத் தொடங்கியது.

"வயர்லெஸ்ஸை ஆறு மணிக்குப் போடுவோம். பேட்டரி பாவம், கிழடு" என்றான் சுப்புராஜ்.

சுவர்க் கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. முத்துவீரன் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி, அறையின் மறுகோடியில் வழக்கமான இடத்தில், மின்விசிறிக்கு நேரே வைத்தார். மூவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே பனி ஜன்னல் வரை வந்துவிட்டது.

பூரணம் புகையைப் பார்த்தாள்.

லீவில் வந்தபோது, இந்த மின்விசிறி கொசுவர்த்திப் புகையை அடித்து ஜன்னல் வழியாக வெளியே தள்ளும். இப்போது புகை வெளியே போகவில்லை. சுருளிலிருந்து எழுந்து, நின்று, யோசித்து, பிறகு மெல்ல வளைந்து மின்விசிறியை நோக்கி வந்தது. அதன் இறக்கைகளுக்குள் நுழைந்து பின்பக்கம் போய் மறைந்தது. பின்னால் இருட்டில் நின்றுகொண்டு யாரோ அதை மூச்சாக இழுத்துக்கொள்வதுபோல.

மின்விசிறியின் முதுகுப் பக்கம் இருந்த சுவரில் தினசரிக் காலண்டர் படபடத்தது.

"மாமா" என்றாள் பூரணம்.

முத்துவீரன் பார்த்துவிட்டார். மெதுவாக எழுந்து, சுவரோடு சுவராக நகர்ந்து, வாசலில் போய் நின்றார். "வந்துட்டாரு" என்றார்.

"ஃபேன் பழசு, அவ்வளவுதான்" என்றான் சுப்புராஜ். ஆனால் அவனும் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். "நேரம் நெருங்குது. வயர்லெஸ்ஸைப் போடுறேன்."

அவன் கை சுவிட்சுக்குப் போனது.

"வேண்டாம்ணே. தொடாத."

பயந்தால் பூரணத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பயமுறுத்தும் பொருளை இன்னும் உற்றுப் பார்ப்பாள். இப்போது அவள் மின்விசிறியின் இறக்கைகளை உற்றுப் பார்த்தாள். "இது எப்பவும் இந்தப் பக்கமாத்தான் சுத்தும்" என்று காற்றில் விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். "இப்ப மாறிச் சுத்துது. மாறிச் சுத்தினா காத்து முன்னாடி போகாதுல்லா? பின்னாடிதானே போகும்?"

சுப்புராஜ் குனிந்து இறக்கைகளைப் பார்த்தான். "கரண்டு மாறிப் போனாத்தான் ஃபேன் மாறிச் சுத்தும்" என்றான் மெதுவாக.

"பல்பு நல்லாத்தானே எரியுது?"

"பல்புக்குக் கரண்டு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ஒண்ணுதான். கம்பி சூடாகணும், எரியணும். ஃபேனுக்குள்ள காந்தம் இருக்கு. கரண்டு எந்தப் பக்கம் போகுதோ, அதைப் பொறுத்துத்தான் அது தள்ளும்." அவன் வயர்லெஸ் பெட்டியைப் பார்த்தான். கையைச் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டான். "இதுக்குள்ள மாறிப் போனா... உள்ள எல்லாம் கருகிரும்."

"ஆனா வளையம் சரியாத்தானே மாட்டியிருக்க?"

"சரியாத்தான் மாட்டியிருக்கேன். தடிச்சது பிளஸ். அதுல சந்தேகமே இல்ல."

"உப்புத் தண்ணியில விட்டுப் பாப்போம்" என்றாள் பூரணம். "மாமா, உப்பு இருக்கா?"

முத்துவீரன் உப்பு ஜாடியை வாசலில் இருந்தபடியே நீட்டினார். வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவர அவர் தயாராக இல்லை. உள்ளே வரவும் தயாராக இல்லை. பூரணம் வேப்பிலையை எடுத்துப் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஒரு பிடி உப்பைப் போட்டாள். கிண்ணம் பித்தளை என்பதால் அதில் கம்பி படக் கூடாது என்று சுப்புராஜ் சொன்னான். தண்ணீரைப் பீங்கான் தட்டில் ஊற்றினார்கள். வளையங்களில் இருந்து அவன் இரண்டு கம்பிகளை இழுத்து, ஒன்றையொன்று தொடாமல் தட்டின் இரு ஓரத்திலும் நனைத்தான்.

ஒரு கம்பியில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. பிறகு, அந்தக் கம்பியின் நுனியில் இருந்து சிவப்பாக ஏதோ ஒன்று வெளியே வந்தது. மஞ்சள் தண்ணீருக்குள் நூல் நூலாக இறங்கி, விரிந்து, மேகம்போலப் பரவியது.

"ரத்தம்" என்றார் முத்துவீரன். "ஏலே, கம்பியில ரத்தம் வருது."

பூரணம் தட்டின்மேல் குனிந்தாள். இந்தச் சிவப்பை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். தட்டு. மஞ்சள் தண்ணீர். சிவப்பு.

"மாமா, இது ஆரத்தி" என்றாள்.

"என்னது?"

"ஆரத்திக்கு என்ன செய்வோம்? மஞ்சள் தண்ணியில சுண்ணாம்பைப் போடுவோம், சிவப்பாயிரும். இந்தக் கம்பிகிட்டயும் சுண்ணாம்பு மாதிரி என்னமோ உண்டாகுது. குமிழியும் இங்கதான் நிறைய வருது. அண்ணே, குமிழி வந்தா மைனஸ்னு நீதானே சொன்ன?"

சுப்புராஜ் அந்தக் கம்பியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனான். அது பெரிய வளையத்துக்குப் போனது. வளையம் தடித்த முளையில் இருந்தது.

"பிளஸ் இருக்க வேண்டிய இடத்துல மைனஸ் இருக்கு" என்றான். "ஏட்டி, இது எப்படி? நான் சிவப்புப் பெயிண்ட் பாத்துத்தானே சார்ஜ் போட்டேன்?"

பூரணம் பேட்டரியின் பக்கம் திரும்பினாள். பெட்டியில் வடிந்திருந்த அந்தச் சிவப்புக் கோடு ஒல்லி முளைக்குக் கீழேதான் தொடங்கியது. பெயிண்ட் தூறலில் கரையாது. கரையக்கூடிய சிவப்பு ஒன்றுதான்.

கடிகாரத்தில் ஆறு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் காரணம் தெரியாமல் அண்ணன் வயரை மாற்றி மாட்டமாட்டான்; அப்பா குரலும் வராது.

"அண்ணே, அது பெயிண்ட் இல்ல" என்றாள். "ஆயுத பூஜைக்கு நான் வச்ச குங்குமம். தடிச்ச முளை உப்புப் பூத்து அசிங்கமா இருந்துச்சு. அதான் ஒல்லி முளையில வச்சேன்."

சுப்புராஜ் தலையில் கை வைத்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிவப்பைப் பாத்ததும், தடிமனைப் பாக்காம ஒல்லி முளைக்குப் பிளஸ் வயரைக் கொடுத்திருக்கேன். நாலு வருஷமாச் செத்துக் கிடந்த பேட்டரி அழிச்சு வச்ச சிலேட்டு மாதிரி. எதை எழுதினாலும் ஏத்துக்கும். நான் தலைகீழா எழுதியிருக்கேன். அதுவும் ஒழுங்காப் படிச்சிருக்கு."

"அப்ப நாமளும் தலைகீழா மாட்டினா?"

"சரியாப் போகும். ஆனா வளையம் சேராதே."

பெரிய வளையம் ஒல்லி முளையில் லொடலொடவென்று ஆடியது. சின்ன வளையம் தடித்த முளையில் இறங்கவே இல்லை. பூரணம் சுற்றிலும் பார்த்தாள். செம்புக் கம்பி மிச்சம் கிடந்தது. "ஒல்லி முளையில இதைச் சுத்து. சுத்தச் சுத்தத் தடிக்கும்ல. சின்ன வளையத்தைத் தடிச்ச முளை மேல வச்சு இறுக்கிக் கட்டிரு."

சுப்புராஜ் குறடை எடுத்தான். அதன் பிடியில் பூரணம் வைத்த குங்குமப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"இதுக்கும் வச்சியா?"

"எல்லாத்துக்கும் வச்சேன்."

அவன் கட்டினான். அவள் டார்ச்சை ஆட்டாமல் பிடித்தாள். பல்பு எரிந்தது. மின்விசிறி ஒரு முறை தயங்கியது. பிறகு சுற்றியது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, கொசுவர்த்திப் புகை எழுந்து, நின்று, யோசித்து, ஜன்னலைப் பார்த்து ஓடியது.

சுப்புராஜ் வயர்லெஸ் சுவிட்சைப் போட்டான். பெட்டியில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல். ஆறு மணி. இரைச்சல்தான். ஆறு மணி ஒரு நிமிஷம். வெளியே ஆறு உறுமியது. முத்துவீரன் வாசலை விட்டு உள்ளே வந்து, பூரணத்தின் பக்கத்தில் நின்றார். ஆறு மணி இரண்டு நிமிஷம்.

'கிர்க், கிர்க்.'

பூரணம் மூச்சு விட மறந்தாள்.

"சாவடி, சாவடி. மேல் முகாம் பேசுறேன். கேக்குதா? ஓவர்."

முத்துவீரன் மைக்கை எடுத்தார். வாயருகே கொண்டு போனார். பிறகு அதைப் பூரணத்திடம் நீட்டினார்.

பூரணம் பொத்தானை மட்டும் இரண்டு தடவை அழுத்தினாள்.

"பூரணமா?" என்றது அப்பாவின் குரல்.

"ஆமாப்பா. சுகமா இருக்கீங்களா?"

"மூணு பேரும் சுகம். ரெண்டு நாளாக் கூப்பிட்டுப் பாக்கோம், உங்க பக்கம் சத்தமே இல்லையே. ஆத்துல தண்ணி இறங்கினதும் வந்திருதோம். யாரும் மேல ஏற வேண்டாம்னு முத்துவீரன்கிட்ட சொல்லு. நீ என்ன செய்யுத அங்க?"

"பேட்டரிக்குக் குங்குமம் வச்சேம்பா."

"என்னது? சரியாக் கேக்கல. ஓவர்."

"வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்" என்றாள் பூரணம். "ஓவர்."

பெட்டியை அணைத்ததும் முத்துவீரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சைக்கிளைத் திருப்பினார்.

"இந்நேரம் எங்க மாமா?"

"உங்கம்மா ரெண்டு நாளாச் சாப்பிடல தாயி. விடியுற வரைக்கும் எதுக்குக் காக்க வைக்கணும்? உங்களை எங்க வீட்டுல விட்டுட்டு, நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருதேன்."

"மூச்சுக்காரரு?"

முத்துவீரன் ஜன்னலைப் பார்த்தார். புகை ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் பார்த்து, அது வளையவில்லை என்று உறுதிசெய்துகொண்டார்.

"அவருதான் வெளிய விட ஆரம்பிச்சிட்டாரே" என்றார்.

தன் வீட்டு வாசலில் இருவரையும் விட்டுவிட்டு அவர் கிளம்பினார். குறுக்கே ஓர் ஆடுகூட வராத அந்த மாந்தோப்புப் பாதையில், அவருடைய சைக்கிள் மணி மட்டும் ஊர் எல்லை வரை நிற்காமல் அடித்துக்கொண்டே போனது.